உள்ளங்கையில் இருந்த பஞ்சுக்கால் சிட்டு

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் மகள் யாதிரா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் பசுவும் நலம். காயாத துணிகள் மட்டும் நலமில்லை. நாளை நெல்லி சித்தி ஸ்பெயினுக்குத் திரும்புகிறாள். அவள் பையில் உனக்கு ஒரு பவர் பத்திரமும் வறுத்த பார்லி மாவும் வரும். பத்திரம் அப்பா கொடுத்தது. மாவுக்குள் புதைத்த இந்தக் கடிதம் நான் கொடுத்தது. போனில் சொல்லலாம் என்றால் அப்பா பக்கத்திலேயே நிற்கிறார்.

மேல்காட்டை மாட்டுப்பண்ணைக்காரர் டான் எஃப்ராயினுக்கு விற்கத்தான் அந்தப் பத்திரம். காடு உன் பெயரிலும் இருப்பதால் உன் கையெழுத்து வேண்டுமாம். வாங்கியதும் மரத்தை வெட்டிப் புல் போடுவார். மாடு மேய்க்கிறவர், இப்போது காட்டையே மேயப் பார்க்கிறார். பேரம் பேச வந்த அன்று அவர் தொப்பியில் சர்க்கரைத் தண்ணீர் தடவிவிட்டேன். தேன் குடிக்க வரும் ரீங்காரச் சிட்டுகள் எல்லாம் அவர் காதைச் சுற்றிப் பஞ்சாயத்து வைத்துவிட்டன. "செகுந்தோ, மாட்டுக்குக் கயிறு வாங்குறப்போ உன் பொண்ணுக்கும் ஒண்ணு வாங்கிக்கோ" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போனார். அப்பா சிரிப்பார் என்று பார்த்தேன். அந்தப் பழக்கம் அவருக்கு விட்டுப்போய்விட்டது.

கீட்டோவிலிருந்து பறவை பார்க்கிறவர்களைக் கூட்டிவரும் ஒல்மெதோ அண்ணன் ஒரு வழி சொல்லியிருந்தார். "கருநெஞ்சுப் பஞ்சுக்கால் சிட்டு ஒண்ணு, ஒரே ஒரு போட்டோ காட்டும்மா. வருஷம் பூரா ஆள் கூட்டிட்டு வர்றேன், காட்டை விக்கவே வேணாம்" என்றார். உலகத்திலேயே கொஞ்சம்தான் மிச்சமாம். மேலெல்லாம் துக்கத்துக்குப் போகிற கறுப்பு, காலில் மட்டும் கல்யாணத்துக்குப் போகிற வெள்ளைப் பஞ்சு. அப்பாவும் மழைக்காலம் முடியும்வரை பொறுப்பதாகச் சொன்னார்.

பொறுத்தோம். பொழுது சாய்ந்ததும் சிட்டுக்காகத் தொங்கவிட்ட சர்க்கரைத் தண்ணீர்க் குப்பிகளை வீட்டுக்குள் எடுத்துவைப்பது, இல்லாவிட்டால் வௌவால் குடித்துத் தீர்த்துவிடும். விடிந்ததும் பால் கறக்கும் முன்னே திரும்ப மாட்டுவது. மற்ற நேரமெல்லாம் ஈரத்தில் உட்கார்ந்து மேகத்தைப் பார்ப்பது. இது மேகக்காடு இல்லை அம்மா, சோகக்காடு. வகுப்பில் உட்கார்ந்தபடியே தூங்கக் கற்றுக்கொண்டேன். இந்த வருடம் நான் உருப்படியாகக் கற்றது அது ஒன்றுதான்.

போன செவ்வாய்க்கிழமை ஆலங்கட்டி மழை ஓய்ந்த விடியல். குப்பி மாட்டும் கம்பியில் ஒரு சிட்டு தலைகீழாகத் தொங்கியது. குளிரில் அவை செத்ததுபோலத் தூங்கும், உனக்குத் தெரியாததா. அப்பா அதை எடுத்து இரண்டு கைக்குள்ளும் பொத்தி ஊதினார். விரல் இடுக்கில் பார்த்தேன். கறுப்பு நெஞ்சு. வெள்ளைப் பஞ்சு. "அப்படியே புடிச்சு வச்சிருங்கப்பா" என்று சொல்லிவிட்டுச் சமையலறையில் சார்ஜில் கிடந்த போனை எடுக்க ஓடினேன்.

திரும்பி வந்தபோது அப்பாவின் கை விரிந்திருந்தது. கையில் ஒன்றுமில்லை.

கொஞ்சம் மூடி வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டேன். "முழிச்சிருச்சு யாதி. நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கிச்சு. போகணும்னு துடிக்கிறதை எப்பிடிம்மா புடிச்சு வைக்கிறது" என்றார். சண்டை போட வாயைத் திறந்தேன். விமான நிலையத்தில் உன் பெட்டியை உன் கையில் கொடுத்துவிட்டு இதே மாதிரி அவர் நின்றது ஞாபகம் வந்தது. குப்பிகளை எடுத்து மாட்டப் போனேன்.

ஒல்மெதோ அண்ணனிடம் சொன்னேன். "நான் நம்புறேன்மா. ஆனா என் நம்பிக்கையைப் பாக்க எவனும் விமானம் ஏறி வர மாட்டானே" என்றார். மறுநாளே அப்பா டவுனுக்குப் போய்ப் பத்திரம் எழுதி வந்துவிட்டார். "போதும் யாதி, அலுத்துப்போச்சு" என்றார்.

எனக்கும் அலுப்புதான் அம்மா. அங்கே நீ வேலைக்கு நிற்கிற வீட்டுப் பாட்டியம்மாவைத் தூக்கிக் குளிப்பாட்டி உனக்கும் இடுப்பு விட்டுப்போயிருக்கும். அதனால் கையெழுத்துப் போடாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தூதரகத்தில் போய்ப் போடாதே, அவ்வளவுதான். போடுவதாக இருந்தால் இங்கே வந்து, நம் சமையலறை மேசையில், அப்பா முகத்தைப் பார்த்துக்கொண்டு போடு. வா என்று அவர் உன்னைக் கூப்பிட மாட்டார். கூப்பிட எனக்குத்தான் வெட்கம் கிடையாதே.

மாதா உன்னைக் காக்கட்டும். உன் இடுப்புவலி டான் எஃப்ராயினுக்குப் போகட்டும்.

வாசல் கதவைத் தாழிடாமல் வைத்திருக்கும்
உன் மகள்,
யாதிரா