அரபி எழும்பக் கூடாது

2024 ஜூன் 3, திங்கள்

அருமனையில் சினிமா ஷூட்டிங். வளைகுடாவில் வேலை பார்த்தவர்கள் கூட்டத்தில் நிற்க வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். பதினெட்டு வருஷம் சவுதியில் ஒரு அரபி வீட்டில் டிரைவராகக் கிடந்தவன் நான். எனக்கில்லாத தகுதியா? போனேன். டைரக்டர் ஸ்ரீனிவாசன் சென்னைக்காரர். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, கல்ஃப் தொழிலாளி மாதிரி இல்லையே என்றார். எப்படி இருக்கிறது கதை! பிறகு என் மூக்கையும் தாடியையும் பக்கவாட்டில் பார்த்தார். நீள வெள்ளை அங்கியை எடுத்துவரச் சொன்னார்.

அரபி முதலாளி வேஷத்துக்கு மும்பையிலிருந்து வரவேண்டியவர் தேதி கொடுக்கவில்லையாம். இனி நான்தான் கதாநாயகனுக்குக் கபீல், அவனை விசா கொடுத்து எடுத்த முதலாளி. லீலாபாயிடம் சொன்னேன். சிரித்துச் சிரித்து என் மனைவிக்குப் புரையேறிவிட்டது.

ஜூன் 5, புதன்

பழைய ரப்பர் குடோனுக்குள் ரியாத் கட்டியிருக்கிறார்கள். கம்பளம், திண்டு, அரபிக் காப்பி ஊற்றும் தங்கநிறக் கஹ்வா ஜாடி, எல்லாம் அச்சு அசல். அத்தர் வாசனைக்கு அடியில் ரப்பர் ஷீட் நாற்றம் மட்டும் போகவில்லை. தகரக் கூரையில் மழை விழுந்தால் பாலைவனம் நின்றுவிடுகிறது. எல்லோரும் உளுந்தவடை தின்கிறோம்.

ஜூன் 7, வெள்ளி

மானம் போச்சு.

காட்சி இதுதான். நான் திண்டில் சாய்ந்திருக்கிறேன். வேலைக்காரன் கஹ்வா ஊற்ற வருகிறான். டிஜோ, அவன்தான் கதாநாயகன், மலையாளப் படங்களில் பெயர் வாங்கிய பையன், அந்த வேலைக்காரன் பின்னாலேயே உள்ளே வருகிறான். நான் எழும்பி நின்றுவிட்டேன். கட். இரண்டாவது தடவையும் எழும்பினேன். மூன்றாவது தடவை எழும்பியதோடு விடாமல் வேலைக்காரன் கையிலிருந்து ஜாடியை வாங்கி நானே டிஜோவுக்கு ஊற்றிக் கொடுத்தேன். குடோன் முழுக்கச் சிரிப்பு.

நானா எழும்பினேன்? இந்தக் கால் எழும்புது, நான் என்ன செய்ய! பதினெட்டு வருஷம் ஆள் உள்ளே வந்தால் எழும்பி எழும்பிப் பழகின கால்.

ஸ்ரீனிவாசன் திட்டவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது. மும்பைக்காரருக்கு இப்போது தேதி ஒழிந்திருக்கிறதாம். செவ்வாய்க்கிழமை ஒரு தடவை பார்ப்போம் என்றார். எனக்கு இந்த வேஷம் வேண்டும். என்ன ஆனாலும் வேண்டும்.

ஜூன் 9, ஞாயிறு

லீலாபாய் பயிற்சி கொடுக்கிறாள். நான் நாற்காலியில். அவள் தேயிலைத் தண்ணியோடு வாசலில் வந்து நிற்பாள். நான் எழும்பினால் திரும்பிப் போய்விடுவாள். காலையில் எனக்குத் தேயிலை கிடைக்கவேயில்லை.

சர்ச் ஆராதனை முடிந்து போதகர் ஐயர் எங்கள் வீட்டுக்கு வந்தார். சபை ஐயர் வந்தால் எழும்பாதவன் இந்த ஊரில் உண்டா? நான் எழும்பவில்லை. நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு அசையாமல் இருந்தேன். லீலாபாய் கண்ணை உருட்டினாள். ஐயர் பதறிப்போய், காலுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டு, என் முட்டில் கைவைத்து நீண்ட ஜெபம் பண்ணிவிட்டுப் போனார். "ஆமென்" சொன்னேன். வேறென்ன சொல்ல?

ஜூன் 10, திங்கள்

நாளைய வசனத்தைக் கொடுத்தார்கள். டிஜோ வந்து அம்மாவுக்குச் சீரியஸ், ஊருக்குப் போகணும் என்கிறான். அரபி கத்தி, கன்னத்தில் அறைகிறான்.

என் அம்மைக்குச் சீரியஸ் என்று தெரிந்த அன்று நானும் போய் நின்றேன். என் கபீல் கத்தவில்லை, அடிக்கவில்லை. டிவியில் பந்து விளையாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அதிலிருந்து கண்ணெடுக்காமல் "புக்ரா" என்றார். நாளைக்கு. மறுநாளும் புக்ரா. அம்மையை அடக்கம் பண்ணியபிறகுதான் டிக்கெட் வந்தது. மோசமான மனிதர் இல்லை; சம்பளம் ஒருமாதமும் பிந்தியதில்லை. என்னைப் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

ஓர் அரபி இந்தப் படம் பார்த்தால் இது நம்ம ஆள் என்று தோன்ற வேண்டும். கத்துகிறவனை நான் எங்கே போய்த் தேட?

ஜூன் 11, செவ்வாய்

ஜெயித்தேன். ஜெயித்தேன். முதலில் இதை எழுதிவிடுகிறேன்.

கத்தலும் அறையும் வேண்டாம், ஒரு தடவை என் போக்கில் விடுங்கள் என்று ஸ்ரீனிவாசனிடம் கேட்டேன். யோசித்தார். சரி என்றார். ஒரு டிவியை வைத்துப் பந்து விளையாட்டு போடச் சொன்னேன்.

டிஜோ உள்ளே வந்தான். கால் துடித்தது. நான் திண்டிலேயே இருந்தேன். அவன் அம்மாவைச் சொல்லி அழுதான். நான் டிவியைப் பார்த்தேன். வேலைக்காரன் பக்கம் கோப்பையை நீட்டி லேசாக ஆட்டினேன், போதும் என்று. "புக்ரா" என்றேன். அவன் போகாமல் நின்றான். நான் டிவியைத்தான் பார்த்தேன். எழும்ப வேண்டும் என்ற நினைப்பே இல்லை.

யாரும் கட் சொல்லவில்லை. கடைசியில் ஸ்ரீனிவாசன் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். மும்பைக்குப் போன் போட்டு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். டிஜோ கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தான். "ஆபேல் அண்ணா, நீங்க என்னை ஒண்ணு நோக்கக்கூட இல்ல. எனக்கு சரிக்கும் நெஜ அழுகையே வந்து போச்சு."

வீட்டுக்கு வந்ததும் சொன்னேன். லீலாபாய் தேயிலை கொண்டுவந்தாள். எழும்பி வாங்கினேன். 

2025 ஜனவரி 25, சனி

மார்த்தாண்டத்தில் படம் பார்த்தோம். கூட்டம். பின்வரிசையில் லீவுக்கு வந்த கல்ஃப் பையன்கள். அந்தக் காட்சி வந்ததும் அவர்கள் சத்தமெல்லாம் நின்றது. "எனக்க கபீலும் இப்பிடித்தான்லே, மூஞ்சியப் பாக்கவே மாட்டான்" என்றான் ஒருவன். "இவரை எங்கேருந்துலே கொண்டு வந்தானுவ, சவுதியிலேருந்தா?" லீலாபாய் என் தொடையில் கிள்ளினாள். வலித்தது. நன்றாகவும் இருந்தது.

இடைவேளையில் விளக்கு போட்டார்கள். நான் திரும்பிப் பார்த்தேன். பேசிய பையன் மடியில் பாப்கார்னோடு இருந்தான். என்னைக் கண்டதும் விறுக்கென்று எழும்பி நின்றான். பாப்கார்ன் முழுக்கத் தரையில். ஏன் எழும்பினோம் என்று அவனுக்கே தெரியவில்லை, பாவம். எனக்குத் தெரியும்.

அவன் தோளில் கைவைத்து, முகத்தை நன்றாகப் பார்த்தேன்.

"இரி மக்கா, இரி. நான் அருமனைக்காரனாக்கும்."