கொரிய நடிகருக்கு நான் எழுதிய வாழ்க்கை

1991 பெப்ரவரி 4, திங்கள்

காலையில் உறைபனி. பிளேஸ்டோ ஸ்டேஷன் வரை சறுக்கிச் சறுக்கி. கார் பார்க்கில் பகல் ஷிப்ட். எம்.ஏ. படித்தவன் கண்ணாடிக் கூண்டுக்குள்.

திரும்பியதும் வீட்டுக்காரி ரஞ்சி வாசலிலேயே பிடித்தாள். "மாஸ்ரர், மேலறைக் கொரியாக்காரருக்கும் ஒண்டு எழுதிக் குடுங்கோவன். பாவம் மனுசன்."

இந்தத் தெருவில் பாதிப் பேரின் அகதி வாக்குமூலம் நான் எழுதியது. நன்றி சொல்லாதவர்களின் பெயர்கள் எல்லாம் நினைவிருக்கின்றன.

இவருக்கு அகதிக் கேஸ் இல்லை. நடிகர். பெயர் ஹான், ஐம்பது வயது. சின்னத் தியேட்டர் ஒன்றில் வேடம் கிடைத்திருக்கிறது. நாடக நிகழ்ச்சிப் புத்தகத்தில் போட வாழ்க்கைக் குறிப்பு வேண்டுமாம். சியோலில் பன்னிரண்டு வருடம் மேடை. அரசைக் கிண்டல் செய்த நாடகம் ஒன்று தடையானது. பிறகு யாரும் கூப்பிடவில்லை. இங்கே தொலைக்காட்சியில் ஐந்து தடவை செத்திருக்கிறார். நான்கு தடவை ஜப்பான்காரனாக.

"குடும்பம்?"

"ஒருவரும் இல்லை. நீங்களே ஏதாவது எழுதுங்கள்."

பெப்ரவரி 5, செவ்வாய்

எழுதிக் கொடுத்தேன். பழக்க தோஷம். வெறுமையாக விட்டால் குடிவரவு ஒபிசர் நம்பமாட்டான் என்று கை தானாக ஓர் இழப்பைத் தேடியது. என் அண்ணையின் வாழ்க்கையைத் தூக்கி ஹானுக்குக் கொடுத்தேன். பள்ளிக்கூட நாடகங்கள், ராஜா வேடம், கைதட்டல். அண்ணை எப்போதும் மேடையில். நான் திரைக்குப் பின்னால், வசனம் எடுத்துக் கொடுப்பவன்.

'ஒரு தம்பி. கலவரத்தில் பிரிந்தனர்' என்று முடித்தேன்.

ஆமிக்காரர் ஊரைச் சுற்றிவளைத்த அன்று அண்ணை ஓடிவந்து கதவைத் தட்டினார். நான் உள்ளே நின்றேன். திறக்கவில்லை. கொண்டுபோனார்கள், திரும்பவில்லை. இது இந்த நாட்குறிப்புக் கொப்பிக்கு மட்டும்.

பெப்ரவரி 7, வியாழன்

பனி கொட்டுகிறது. ரயில் இல்லை, ஷிப்ட் இல்லை. வாங்க: பால், பரசிட்டமோல், கம்பளிச் சொக்ஸ்.

ஹான் படியில் உட்கார்ந்து குறிப்பை மனப்பாடம் செய்கிறார். உடம்பு நம்பும்வரை சொல்லிப் பார்ப்பாராம்.

மத்தியானம் ரஞ்சி: "இந்தாளுக்குத் தம்பி எண்டால் சரியான உயிர் போல. மாமரத்தால விழுந்து தம்பியின்ர கை முறிஞ்ச கதை சொல்லி அழுதது மனுசன். ஏன் மாஸ்ரர், கொரியாவில மாமரம் இருக்கே?"

"எனக்கென்ன தெரியும்?"

மாமரம் பற்றி நான் எழுதவில்லை. குளிருக்கு இடது முழங்கை இன்னும் வலிக்கிறது.

பெப்ரவரி 9, சனி

சமையலறையில் ஹான் உள்ளி உரித்துக்கொண்டிருந்தார். மரக்கதை யார் சொன்னது என்று கேட்டேன்.

"நினைவு வந்தது."

முகத்தில் கேலி இல்லை. சுவர் மெல்லியது, நித்திரையில் புலம்பியிருப்பேன் என்று எனக்கே ஒரு விளக்கம். ஆனால் இவருக்கு விளங்க, நான் ஆங்கிலத்திலா புலம்புவேன்?

தாளைத் திருப்பிக் கேட்டேன். திங்கள் அச்சுக்குப் போகிறது என்றார். "ஒன்று விட்டுவிட்டீர்கள். தம்பி அன்றைக்கு வீட்டுக்குள்தான் நின்றான்."

"இல்லை" என்றேன்.

"நின்றான். கதவில் காதை வைத்தேன். மூச்சுக் கேட்டது. அதனால்தான் இரண்டாம் தரம் தட்டவில்லை. தட்டியிருந்தால் அவனையும் பிடித்திருப்பார்கள்."

உள்ளித் தோலைக் கூட்டி அள்ளிக் குப்பையில் போட்டார்.

ஒரு தடவைதான் தட்டினார். உண்மை. ஏன் என்று நான் ஒருபோதும் யோசித்ததில்லை. முதலில் வந்தது எரிச்சல்: அதிலும் அண்ணைக்குத்தான் ராஜா வேடம். பிறகு தேத்தண்ணியைக் கோப்பைக்கு வெளியே ஊற்றினேன்.

பெப்ரவரி 10, ஞாயிறு

வெயில், ஆனால் பனி கரையவில்லை. ரஞ்சி குடும்பம் பூசைக்கு. வீட்டில் நாங்கள் இருவர் மட்டும்.

ஹான் தாளோடு வந்தார். தம்பியின் பெயரையும் அச்சில் போட வேண்டுமாம். பேனையை நீட்டினார்.

வெகுநேரம் பிடித்தது. என் பெயரை எழுதினேன். முழுப் பெயர், தகப்பன் பெயரோடு.

வாசித்தார். தலையை ஆட்டினார். ஒரே கோடாக வெட்டிவிட்டு மேலே வேறு பெயர் எழுதினார், ஆங்கில எழுத்தில், ஒவ்வொன்றாக. அண்ணை மட்டும் என்னைக் கூப்பிட்ட பெயர்.

குட்டான்.