மூன்று வருடத்துக்கு ஒருமுறை வருகிறவள்

ஜூலை 14, திங்கள்

காலை ஏழு மணிக்கே வெயில் சுள்ளென்று. ஆடி பிறக்கவில்லை, அதற்குள் காற்று. மாடியில் காயப்போட்ட சேலை பக்கத்து வீட்டுக் கொடியில். கேட்டு வாங்கி வருவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

நாளை முதல் கணக்கெடுப்பு. பையில்: டேப்லெட், சார்ஜர், அடையாள அட்டை, குடை, மூட்டுவலித் தைலம். இருபத்தொரு வருடத்துக்கு முன், முதல் சுற்றில் இதே பையில்: காகிதக் கட்டு, அட்டை, கிளிப்பு, நீலப் பேனா இரண்டு. கூடவே கணக்கெடுக்க அமுதா. அவள் கல்யாணமாகித் திருப்பூர் போய் எத்தனையோ வருடம். இன்னமும் சிம்மக்கல் பஸ்ஸில் ஏறினால் ஜன்னல் பக்கம் அவளுக்காக இடம் விட்டுத்தான் உட்காருகிறேன். மடத்தனம்.

நேற்றுப் பயிற்சி. பாலு என்னிடமே கேள்விகளைக் கேட்டுப் பழகினான். பத்து வருடமாக என்னோடு தெருத் தெருவாக அலைகிறவன், இன்னும் வாத்தியார் குரலில்தான் வாசிக்கிறான். "ஆத்திர அவசரம் என்றால் முதலில் யாரிடம் போவீர்கள்? மூன்று பேர் சொல்லவும்."

அம்மா இல்லை. அண்ணன் செக்கானூரணியில். பொங்கலுக்கு ஒரு போன், அதுவும் மதினி எடுத்துக் கொடுத்தால். அமுதா? பாவம், அவளுக்கே ஆயிரம்.

"அடுத்த கேள்விக்குப் போடா" என்றேன். 'பதிலளிக்க விரும்பவில்லை' என்று அமுக்கிவிட்டான் படவா.

ஜூலை 15, செவ்வாய்

சிம்மக்கல்லில் இறங்கி நடை. மொத்தக் கடை வாசலில் லாரி, அதன் பின்னால் இரண்டு ஆட்டோ முட்டிக்கொண்டு. "மாப்ள, நீ கொஞ்சம் எடு, நா போயிருவேன்." "நீ எடு மாப்ள, இம்புட்டு எடம் கெடக்கு." இருவரும் எடுக்கவில்லை. நான் மூட்டைகளுக்கு நடுவே புகுந்து போய்விட்டேன்.

முதல் வீடே மெகருன்னிசா வீடு. நானாகக் கேட்டு வாங்கிய பட்டியல். பள்ளிவாசல் சந்து, இடது பக்கம், வாசலில் திரை. இந்த வீட்டை எனக்குத் திரைகளை வைத்துத்தான் ஞாபகம். முதல் சுற்றில் பச்சை, காசிம் பாய் சொந்தமாகத் தையல் கடை வைத்திருந்த காலம். பிறகு பூப்போட்டது. கடையை மூடிய வருடம் பழைய சேலையில் தைத்தது. இப்போது ஊதா. பே. (சென்னையிலிருக்கும் எங்கள் பேராசிரியர்) ஒரே வீட்டை மூன்று வருடத்துக்கு ஒருமுறை பார்க்கச் சொல்வது இதற்குத்தான். யார் ஏறினார்கள், யார் சறுக்கினார்கள், ஏன். முக்கியமாக, பெண்கள் இவ்வளவு படித்தும் ஏன் வேலைக்குப் போவதில்லை.

"வாங்கக்கா! இந்த வருசம் வரணுமேன்னு போன வாரம்தான் சொல்லிக்கிட்டு இருந்தேன். என்னக்கா, முடி இம்புட்டு நரைச்சுப் போச்சு?"

"ஒனக்கு மட்டும் கறுப்பாவா இருக்கு?"

"எனக்கு முக்காடு இருக்கு. யாருக்குத் தெரியப் போகுது?"

உட்காரும் முன்னே தம்ளர். கணக்கெடுக்கும் வீட்டில் தண்ணீர் தவிர எதுவும் வாங்கிக் குடிக்கக் கூடாது என்பது விதி. முதல் சுற்றில் இதைச் சொன்னதும் மெகரு முகம் சுண்டிப்போனது. அடுத்த நிமிடம் நன்னாரி கலந்து கொண்டுவந்து, "தண்ணிதான்க்கா, கொஞ்சம் கலரா இருக்கு" என்றாள். அமுதா சிரித்துச் சிரித்துப் புரையேறி, படிவமெல்லாம் நன்னாரி. அன்றிலிருந்து இந்த வீட்டில் தண்ணீரின் நிறம் அதுதான்.

ரிஸ்வானா உள்ளேயிருந்து வந்தாள். பி.காம். முடித்துவிட்டாள். "வாங்க மேடம்."

மேடமாம். முதல் சுற்றில் தொட்டிலில் கிடந்த பெண். இரண்டாவது சுற்றில் 'பெரியம்மா' என்று மடியில் ஏறி உட்கார்ந்து, வருமானப் பக்கத்தின் மூலையைத் தின்றுவிட்டாள். பக்கம் ஏன் குறைகிறது என்று பே.க்கு விளக்கம் எழுதினோம். அவளுக்கு அதெல்லாம் எங்கே ஞாபகம் இருக்கும். எனக்குத்தான் சுருக்கென்றது.

காசிம் பாய் உள்ளறையில். ரெடிமேட் வியாபாரி வெட்டிக் கொடுக்கும் நைட்டிகளை வீட்டிலேயே தைக்கிறார். நான் கேள்வி கேட்கும்போதெல்லாம் மெஷின் நிற்கும், மெகரு பதில் சொன்னதும் ஓடும். அவருடைய அம்மா படுத்த படுக்கை. எல்லாம் வரிசையாக வந்தது. கடைசியில் அந்தக் கேள்வி. ஆத்திர அவசரம், மூன்று பேர்.

"மொதல்ல நீங்க."

"மெகரு, வெளையாடாத. சொந்தம், பக்கத்து வீடு, ஜமாத்து... யாரையாச்சும் சொல்லு."

"யாருகிட்டப் போவேன்னுதான கேட்டீங்க? ஒங்ககிட்டத்தான் போவேன். எழுதுங்க."

எழுதினேன். எத்தனை நாளுக்கு ஒருமுறை சந்திப்பீர்கள் என்று டேப்லெட் கேட்டது. தினமும், வாரம் ஒருமுறை, மாதம் ஒருமுறை, வருடம் ஒருமுறை. அதற்கு மேல் பட்டியலில் இல்லை. மூன்று வருடத்துக்கு ஒருமுறை பார்க்கிற ஆளிடம் யாராவது ஓடுவார்களா? வாய்விட்டே கேட்டேன்.

"நீங்க ஒண்ணு கேட்டா, நா பதில் சொல்லி முடிக்கிற வரைக்கும் உக்காந்துருக்கீங்கள்ல. இந்த வீட்டுல வேற யாரு அப்பிடி இருக்கா, அக்கா?"

பதில் வந்தும் உள்ளே மெஷின் நின்றபடிதான். ரொம்ப நேரம் ஓடவில்லை.

கிளம்பும்போது சந்து முனை வரை வந்தாள். விஷயம் இதுதான். ரிஸ்வானாவுக்குக் கோயம்புத்தூரில் கணக்குப் பிரிவில் வேலை கிடைத்திருக்கிறது. கம்பெனி சொன்ன லேடீஸ் ஹாஸ்டலில் தங்க வேண்டும். காசிம் பாயின் தங்கை மகள் இப்படித்தான் ஒரு மில் ஹாஸ்டலுக்குப் போனாள். போனைப் பிடுங்கி வைத்துக்கொண்டு ஊருக்கே விடவில்லை. மீட்டு வருவதற்குள் அந்தக் குடும்பம் பட்ட பாடு. அதிலிருந்து இவருக்குப் பயம். தானே போய்ப் பார்க்கலாம் என்றால் ஆம்பளைகளுக்கு ஹாஸ்டல் வாசல் கேட்டோடு சரி. மெகருவால் மாமியாரை விட்டு நகர முடியாது. திங்கள்கிழமைக்குள் சேருவதாகச் சொல்லவில்லையென்றால் வேலை வேறு ஆளுக்கு.

"நீங்க ஒரு நா அவளோட போயி, எல்லாத்தையும் கண்ணால பாத்துட்டு வந்து அவருகிட்டச் சொல்லுங்கக்கா. நீங்க சொன்னா நம்புவாரு. இத்தன வருசமா நாங்க சொன்னத ஒரு எழுத்து மாத்தாம எழுதியிருக்கீங்க."

பார்க்கலாம் என்றேன். பார்க்கலாமாவது! விதி தெரியாதவளா நான். கணக்கெடுக்கும் வீட்டுக்கு எந்த உதவியும் செய்யக் கூடாது.

ஜூலை 16, புதன்

மூட்டு வலி. தோசை மாவு புளித்துப் போய்விட்டது.

பே.யிடம் போனில் சொன்னேன். நல்ல மனிதர், குரலை உயர்த்தமாட்டார். அதுதான் எரிச்சல்.

"போகாதீங்கன்னு நா சொல்ல மாட்டேன், செல்வராணி. ஆனா போனா அந்த வீட்ட ஆய்வுல வச்சுக்க முடியாது. நாமளே கை வச்சுட்டு, அப்புறம் என்ன மாறுச்சுன்னு எப்படி அளக்குறது?"

"அப்ப அந்தப் பொண்ணு வேலைக்குப் போனது?"

"நம்ம கணக்குல வராது."

போனை வைத்தபின் தனியாகக் கத்தினேன், அடுப்பிடம். பெண்கள் ஏன் வேலைக்குப் போவதில்லை என்று என் இளமையெல்லாம் கேட்டு எழுதியாயிற்று. இதோ ஒருத்தி போகிறேன் என்கிறாள். கூடப் போனால் அவளைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுவார்களாம். என்ன நியாயம் இது?

ஆனால் அவர் சொல்வதும் சரி. ஆளாளுக்குப் பிடித்த வீட்டில் கை வைத்தால் ஆய்வு எதற்கு? இந்த விதிகளைப் புதுப் பிள்ளைகளுக்கு ஒப்பித்துக் காட்டுவதே நான்தான்: பரிசு இல்லை, உதவி இல்லை, தண்ணீர் மட்டும், சொந்தக்காரர் வீட்டில் கணக்கெடுக்கக் கூடாது.

அந்த வீட்டை விடுவது என்றால் நினைக்கவே முடியவில்லை. வேறு எந்த வீட்டை நான் இத்தனை வருடம் பார்த்திருக்கிறேன்? அண்ணன் பிள்ளைகள் எந்த வகுப்பு என்றுகூடத் தெரியாது. ரிஸ்வானா எப்போது பால் மறந்தாள், எந்த வருடம் அம்மை போட்டது, பத்தாவதில் கணக்கில் எவ்வளவு, எல்லாம் தெரியும்.

ஜூலை 17, வியாழன்

ஆடி பிறந்தது. தெருமுனை அம்மன் கோயிலில் காலையிலேயே ஸ்பீக்கர்.

பாலு பருத்திப்பால் வாங்கித் தந்தான். ரொம்பத் தித்திப்பு. அமுதாவும் நானும் ஒரு தம்ளரைப் பாதிப் பாதி குடிப்போம், மிச்சம் பிடித்த காசு பஸ்ஸுக்கு. அப்போது பசி, வெயில், தினக்கூலி. இன்றும் தினக்கூலிதான், அது வேறு. இருந்தாலும் அந்த நாட்கள் திரும்ப வேண்டும் போலிருக்கிறது. அழுகை வந்தது, தும்மல் என்று சமாளித்தேன்.

"போங்கக்கா" என்றான் பாலு, நான் எதுவும் சொல்லாமலே. "ஒங்க பட்டியல்ல மிச்ச வீட்ட நா பாத்துக்கிறேன். மூஞ்சியப் பாக்கச் சகிக்கல."

மெகருவுக்குப் போன் செய்தேன். சனிக்கிழமை வாரேன் என்று சொன்னேன். வீடு கணக்கிலிருந்து போய்விடும் என்பதை மட்டும் சொல்லவில்லை. வாய் வரவில்லை.

ஜூலை 19, சனி

ஆரப்பாளையத்தில் விடியற்காலை பஸ். ரிஸ்வானா ஜன்னல் பக்கம். அமுதாவின் இடம்.

திண்டுக்கல் தாண்டும்வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு, "மேடம்னு கூப்புடச் சொன்னது அம்மாதான். நீங்க வேலையா வர்றவங்களாம், மட்டு மரியாதையா இருக்கணுமாம்" என்றாள். நான் ஒன்றும் கேட்கவில்லை. அவளாகச் சொன்னாள். முகத்தில் எல்லாம் எழுதி ஒட்டியிருக்கும் போல எனக்கு.

ஆபீஸ் சரி. இரண்டாம் மாடி, நிறையப் பெண்கள், மேலாளரும் பெண். ஹாஸ்டல் பழைய வீடு. விடுவேனா? அறைக்கு எத்தனை பேர், போன் யார் கையில், ஊருக்குப் போக யாரிடம் கேட்க வேண்டும், கேட் சாவி யாரிடம், உடம்புக்கு முடியாமல் போனால் யார் பார்ப்பார்கள். வரிசையாக, மேலிருந்து கீழ், பழக்க தோஷம். அங்கிருந்த மூன்று பிள்ளைகளைத் தனியாகக் கூப்பிட்டும் கேட்டேன். போன வாரம்தான் ஊருக்குப் போய் வந்ததாக ஒருத்தி சொன்னாள். குளியலறைகளைத் திறந்து பார்த்தேன். ஒன்றில் தாழ்ப்பாள் உடைந்து, கயிறு போட்டுக் கட்டியிருந்தது.

வார்டனுக்கு எரிச்சல். "இத்தன கேள்வி எந்தப் பேரண்டும் கேட்டதில்லைங்க. நீங்க பொண்ணுக்கு என்ன வேணும்?"

அடையாள அட்டையைத் தேடிப் பைக்குள் கையை விட்டேன்.

"எங்க பெரியம்மா" என்றாள் ரிஸ்வானா.

திரும்பும் பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். தோள் மரத்துப் போனது. அசையவில்லை.

ஜூலை 20, ஞாயிறு

காசிம் பாய் மெஷினை விட்டு எழுந்து வந்து எதிரே உட்கார்ந்தார். இத்தனை சுற்றில் முதல்முறை. இன்று அவர் கேட்டார், நான் பதில் சொன்னேன்.

"போன வாங்கி வச்சுக்கிறாங்களா?"

"இல்ல. பிள்ளைக கையிலதான் இருக்கு. பாத்தேன்."

"ஊருக்கு வரணும்னா?"

"எழுதி வச்சுட்டு வரலாம். போன வாரம் வந்துட்டுப் போன பிள்ளகிட்டயே கேட்டேன்."

"கொற எதுவும் இல்லயா?"

"இருக்கு. கீழ ஒரு பாத்ரூம்ல தாப்பா ஒடஞ்சு கெடக்கு. சாப்பாடு சுமார்தான். வார்டனம்மா வாய் கொஞ்சம் நீளம்."

சட்டையில் ஒட்டியிருந்த நூலை எடுத்துப் போட்டார். "எல்லாம் நல்லாருக்குன்னு சொல்லியிருந்தீங்கன்னா அனுப்பியிருக்க மாட்டேன்மா. தங்கச்சி மகள அப்பிடிச் சொல்லித்தான் கூட்டிட்டுப் போனாங்க." மகள் பக்கம் திரும்பினார். "போயிட்டு வாம்மா. தாப்பா நா வாங்கித் தாரேன். மொத வேலையா அத மாட்டச் சொல்லு."

ரிஸ்வானா உள்ளே ஓடிவிட்டாள். மெகரு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். சந்தோஷ அழுகைதான், ஆனாலும் பார்க்க முடியவில்லை.

அதோடு அதாக என் விஷயத்தையும் சொல்லிவிட்டேன். இனி இந்த வீடு கணக்கெடுப்பில் இருக்காது.

"எங்க பேரையே எடுத்துருவாங்களா? இவ பொறந்தது, கடைய மூடுனது, எங்கத்தா மவுத்தாப் போனது... அம்புட்டும் ஒங்ககிட்டத்தானக்கா சொன்னேன்?"

"பழசெல்லாம் அப்பிடியேதான் இருக்கும் மெகரு. இனிமேதான் கெடையாது."

"அப்ப மூணு வருசங்கழிச்சு வர மாட்டீங்க."

"கணக்கெடுக்க வர மாட்டேன்."

மெகரு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். பிறகு எழுந்தாள். என் முன்னால் இருந்த நன்னாரித் தம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கோபம் என்றுதான் நினைத்தேன். ஸ்டவ் பற்றவைக்கும் சத்தம். திரும்பி வந்தபோது கையில் டீ, இஞ்சி தட்டிப் போட்டது, தட்டில் கறி சமோசா.

"இனிமே தண்ணி மட்டுந்தான்னு சொல்ல முடியாதுல்ல. சாப்பிடுங்க."

சாப்பிட்டேன். வயிறு முட்ட.

ஜூலை 21, திங்கள்

மேகமூட்டம். பெய்யாது.

ரிஸ்வானா சேருவதாகச் சொல்லிவிட்டாளாம், பத்து மணிக்கே போன். தாழ்ப்பாளும் வாங்கியாயிற்றாம்.

பே. சொன்னபடி டேப்லெட்டில் அந்த வீட்டை முடித்து வைத்தேன். காரணம் கேட்டது. வீடு மாறிவிட்டார்கள். ஆள் இல்லை. பேச மறுத்துவிட்டார்கள். குடும்பத் தலைவர் இறந்துவிட்டார். எதுவும் பொருந்தவில்லை. இன்னும் கீழே தள்ளிப் பார்த்தேன், எனக்கு ஒருநாளும் தேவைப்படாத வரி ஒன்று இருந்தது: 'ஆய்வாளரின் உறவினர் வீடு.'

அதை அமுக்கினேன். உறுதியாகவா, பின்னர் மாற்ற இயலாது என்றது.

ஆம்.