அறுத்த பூட்டில் கிரீஸ்

ஞாயிறு இரவு, சேந்தமங்கலம்.

சமையலறை அலமாரியில் அம்மா பூட்டி வைத்திருந்த அதிரசத்தில் பாதியைக் காணோம். பூட்டு உடையவில்லை. சாவியும் அம்மாவின் இடுப்பில்தான் இருந்தது. சந்தேகம் நேராக வந்து என் மேல் உட்கார்ந்துகொண்டது.

காரணம் என் பழைய பூட்டு. உள்ளே ஊசிகள் ஏறி இறங்குவது தெரியும்படி அதன் ஒரு பக்கத்தை நானே அரத்தால் ராவி எடுத்து, கம்பியால் திறந்து பழகுகிறேன். ஆனால் அதிரசத்தை நான் தொடவில்லை.

“இவனத் தவிர இந்த ஊட்டுல யாருக்கு இந்த வித்தை தெரியும்?” என்று அப்பா சத்தம் போட்டார்.

“அந்த அறுத்த பூட்ட நாளைக்கே பழைய இரும்புக்குப் போடறேன்,” என்றாள் அம்மா.

“அது என்ன பண்ணுச்சு? இருந்துட்டுப் போகுது, உடு புள்ள,” என்றார் அப்பா.

நான் திருடன், பூட்டுக்கு மட்டும் மன்னிப்பா? எடுத்துப் பார்த்தேன். ஊசிகளில் கறுப்பாக கிரீஸ். ஊசிகள் வழுக்கி ஓட நான் பென்சில் தூள்தான் போடுவேன். கிரீஸ் ஊசியை ஒட்டவைத்துவிடும். எதற்கெடுத்தாலும் கிரீஸ் தடவுகிற கை, லாரிப் பட்டறைக்குப் போகும் அப்பாவின் கைதான்.

அலமாரிக்குப் பூட்டு வந்ததே அவருக்குச் சர்க்கரை என்பதால்தான். போன மாதம் மயங்கி விழுந்தார். சர்க்கரை அவருக்கு, கசப்பு எனக்கு.

சற்றுமுன் கதவருகே அவர் குரல். “சாமி, தூங்கிட்டியா? அந்தப் பூட்டக் கொஞ்சம் குடு. சும்மா பாத்துட்டுத் தாரேன்.”

பூட்டைத் தலையணைக்கு அடியில் தள்ளிவிட்டேன். விரல் தேய ராவிய பூட்டு. காலையில் இரும்புக்காரர் வந்தால் நானே கொண்டுபோய்ப் போட்டுவிட வேண்டும்.