உன் நாற்காலியில் செல்வி

என் அன்பு மாப்பிள்ளை சங்கரனுக்கு,

அங்கேயும் சாரல் உண்டா? இங்கே ஆனி பிறந்ததும் ஆரம்பித்துவிட்டது. தென்காசி முழுக்க ஈரத்துண்டு வாசம். குற்றாலத்துக்குக் குளிக்கப் போகிற கூட்டத்தால் நம் ஆபீஸ் வாசலில் பைக் நிறுத்த இடமில்லை. வழக்கம்போல நான் திட்டுகிறேன், வழக்கம்போல யாரும் கேட்பதில்லை.

உனக்கு ஒரு சேதி. உன் பெண்டாட்டி செல்வி இப்போது நம் எஞ்சினியரிங் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். உன் நாற்காலியில்தான் உட்காருகிறாள். நெஞ்சைப் பிடித்துக்கொள்ளாதே. அதை ஒருதரம் செய்து எங்களை அழவைத்துவிட்டுப் போய்ச்சேர்ந்தது போதும்.

கம்பெனி நடத்துகிற நம் அண்ணாச்சிதான் அவளைக் கூப்பிட்டார். செல்வி சிவில் டிப்ளமோ படித்தவள் என்பது அவருக்கு ஞாபகம் இருந்திருக்கிறது. கல்யாணத்துக்குப் பிறகு நாமெல்லாம் அதை மறந்தே போனோம், உன்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். உன் அம்மாவுக்கு இது கொஞ்சமும் பிடிக்கவில்லை. ஆம்பிளைகள் நடுவே மருமகள் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு நிற்பதா என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். செல்வி நேரே என் வீட்டுக்கு வந்தாள்.

"அண்ணே, அவுக இருந்தப்ப இந்த வேலையப் பத்தி நல்லத மட்டுந்தான் வீட்ல சொல்லுவாக. நீங்க கெட்டதையும் சேத்துச் சொல்லுங்க. கேட்டுட்டு முடிவு பண்ணுதேன்."

சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று கிடையாது. அஸ்திவாரம் தோண்டியபிறகு வீட்டுக்காரர் வாஸ்து பார்க்கிறவரைக் கூட்டிவருவார், மாடிப்படி இடம் மாறும். துபாயில் இருக்கிற மைத்துனர் போனிலேயே ஜன்னலை நகர்த்துவார். காலையில் சிவகிரி, மத்தியானம் வாசுதேவநல்லூர் என்று வெயிலில் பைக் ஓட்டி முதுகு போகும். சீசன் வந்தால் இன்னும் மோசம். சென்னைப் பார்ட்டிகள் குடும்பத்தோடு வந்து இறங்குவார்கள். சைட்டைப் பார்க்க அரை மணி, அருவியைப் பார்க்க மூன்று நாள். அவர்களுக்கு ரூம் பிடிப்பதும், எண்ணெய் தேய்த்துவிட ஆள் பிடிப்பதும் எந்தப் பாடத்தில் இருந்தது, சொல்?

நல்லதையும் மறைக்கவில்லை. பஸ்ஸில் போகும்போது ஒரு வீட்டைக் காட்டி, அந்த பால்கனி நான் போட்டது என்று பக்கத்து சீட்காரரிடம் சொல்லலாம். அவர் கேட்காவிட்டாலும் சொல்லலாம், நீ சொல்வாய். பால் காய்ச்சுகிற அன்று முதல் பந்தியில் நமக்கு இலை உண்டு. அப்புறம், இந்த வேலையில் தப்பை ரொம்ப நாள் மறைக்க முடியாது, ஒழுகிவிடும். அதனாலேயே மனுஷன் கொஞ்சம் யோக்கியமாக இருக்கிறான்.

ஒரு மாதம் வந்து பார்க்கிறேன், ஒத்துவராவிட்டால் நின்றுகொள்கிறேன் என்றாள்.

மூன்றாவது வாரம் குத்துக்கல்வலசையில் ஒரு சென்னைக்காரர் வீட்டுக்குத் தளம் போடவேண்டும். முந்தின நாள் அவர் போனில், மழை உண்டா என்று கேட்டார். இல்லவே இல்லை என்றேன். மறுநாள் காரைவிட்டு இறங்கியவர் தெப்பமாக நனைந்துவிட்டார். பொய் சொல்லி என் வீட்டைப் பாழாக்கப் பார்க்கிறீர்களா என்று குதித்தார். எனக்கானால் ஒன்றும் விளங்கவில்லை. மழை எங்கே பெய்தது? சாரல்தானே அடித்தது? தென்காசிக்காரன் எவன் சாரலை மழை என்பான்? நீ இருந்தாலும் இதைத்தானே கேட்டிருப்பாய்?

செல்வி குறுக்கே வந்தாள். "சார், அண்ணன் பொய் சொல்லல. இவுகளுக்குச் சாரல் மழைக் கணக்குல வராது. நான் சிவகிரிக்காரி, எனக்கு இது மழைதான். தார்ப்பாய் கட்டாம காங்கிரீட்டக் கொட்ட விடமாட்டேன்."

மனுஷர் சிரித்துவிட்டார். நான் தார்ப்பாய் தேடி ஓடினேன். தளம் அம்சமாக வந்தது. இப்போதெல்லாம் வெளியூர்க்காரர்கள் மழையைப் பற்றிக் கேட்டால் போனை அவளிடம் கொடுத்துவிடுகிறோம்.

இனி இவள் எங்கேயும் போகமாட்டாள் என்று நினைத்தேன். மாதக் கடைசியில் வந்து, நின்றுகொள்கிறேன் என்றாள். யாரும் ஏதும் சொன்னார்களா என்று கேட்டேன்.

"வேலை பிடிச்சிருக்கு அண்ணே. ஆனா ஒரு கெட்டத நீங்க சொல்லாம விட்டுட்டீக. சாயங்காலம் வாய் நெறையக் கதையோட வீட்டுக்குப் போறேன். கேக்க ஆளில்ல. அத்தை முகங்குடுத்துப் பேசமாட்டேங்காக."

மாப்ளே, அன்றைக்கு நான் அழுதேன். நீ தினமும் சைட்டில் நடந்ததைக் காது மூக்கு வைத்து வீட்டில் அளப்பாய் என்று எனக்குத் தெரியும். அது இந்த வேலையில் பாதி என்று எனக்கு ஏன் தோன்றவில்லை? என் வீட்டில் எனக்குக் கேட்க ஆள் இருந்ததாலா?

மறுநாள் நானும் என் பெண்டாட்டியும் உன் அம்மாவை ஆட்டோவில் ஏற்றி அந்தக் குத்துக்கல்வலசை வீட்டுக்கே கூட்டிப்போனோம். செல்வி அங்கேதான் இருந்தாள். தளத்தின்மேல் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தியிருந்தது. இது உங்கள் மருமகள் நின்று போட்ட தளம் என்றேன். அம்மா குனிந்து தண்ணீரில் கை வைத்துப் பார்த்தார்கள். பிறகு, இதில் எதற்குத் தண்ணீர் என்று செல்வியிடம் கேட்டார்கள். அவள் சொல்ல ஆரம்பித்தாள். ஆட்டோ வீடு வந்து சேர்கிறவரை நிறுத்தவில்லை.

நேற்றுக் காலையில் உன் அம்மா எனக்குப் போன் பண்ணினார்கள். "ஏலே முருகா, செல்விக்குக் காய்ச்சலு, இன்னைக்கு வரமாட்டா. அந்த வாசுதேவநல்லூர் தளத்துக்குத் தண்ணி விட்டாச்சா? அங்கன நல்ல வெயிலாம், காஞ்சா வெடிச்சிரும்லா?"

நான் எழுந்து நின்று பதில் சொன்னேன், மாப்ளே.

செல்வி வேலையை விடவில்லை. உன் வீட்டில் ராச்சாப்பாடு இப்போது லேட்டாகிறதாம், அவ்வளவு பேச்சு. அந்தப் பேச்சு வற்றாதபடி சைட் பிடித்துக் கொடுக்கவேண்டியது என் பொறுப்பு. அதை நான் பார்த்துக்கொள்கிறேன். நீ நிம்மதியாக இரு.

செல்விக்கு அண்ணன்,
ஆகையால் என்றைக்கும் உனக்கு மச்சான்,
முருகன்