தோளில் போன வேட்டி

அன்புள்ள அப்பாவுக்கு, ஞானமணியின் தோத்திரம். இங்கே மூவரும் சுகம். முழங்கால் வலி குறைந்ததா? போனில் உங்களுக்குச் சரியாகக் கேட்பதில்லை, அதனால் எழுதுகிறேன்.

பேரன் ஜெர்ரி பள்ளியில் லத்தீன் படிக்கிறான். பூசைக்காக இல்லை, பாடமாக! போன வாரம் பழைய லத்தீன் காவியம் ஒன்றை நாடகமாகப் போட்டார்கள். எரிகிற ஊரிலிருந்து ஒருவன் தகப்பனைத் தோளில் சுமந்து, சின்ன மகனைக் கையில் பிடித்துக்கொண்டு தப்பிக்கிறான். அந்த மகனின் வம்சம்தான் பிறகு ரோமாபுரியைக் கட்டியதாம். அந்தச் சின்ன மகன் வேடம்தான் நம் ஜெர்ரிக்கு.

கிழவர் வேடத்துக்கு வெள்ளைத் துணி கேட்டார்கள். உங்கள் மருமகள், நீங்கள் முன்பு இந்த நாட்டுக்கு வந்தபோது விட்டுப்போன வேட்டியைக் கொடுத்துவிட்டாள். மேடையில் அந்த நீலக் கரையைப் பார்த்ததும், வேளாங்கண்ணித் தேர் பார்க்க என்னைத் தோளில் வைத்து நீங்கள் நடந்தது நினைவுக்கு வந்தது. விழாமலிருக்க உங்கள் காதுகளைப் பிடித்திருப்பேன்.

காரில் திரும்பும்போது ஜெர்ரி கேட்டான்: "டாடி, நீங்க ஏன் தாத்தாவ கேரி பண்ணிட்டு வரல?"

"தாத்தா ரொம்ப வெயிட்டுடா" என்று சிரித்து மழுப்பினேன்.

"எவ்ளோ வெயிட்?"

வேட்டியைத் துவைத்து மடித்து வைத்திருக்கிறேன். வேலைக்கு நேரமாகிவிட்டது. டாக்டரிடம் போகும்போது எடை பார்த்து மறக்காமல் எழுதுங்கள், அப்பா. அவன் தினமும் கேட்கிறான்.

உங்கள் மகன்,
ஞானமணி
ரவுண்ட் ராக்