சப்பரப் படத்தில் எட்டுப் பேரைக் காணோம்

சேசு மரி சூசை

காரிமங்கலம்
14-9-88

அன்பு மகன் ஞானராஜுக்கு அம்மா எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் பெண்சாதி ராணியம்மாளும் உன் மகளும் ஆண்டவர் கிருபையால் சுகம், சினையாக இருந்த மாடு கிடேரி போட்டது, அதுவும் சுகம். நீயும் சுகமென்று எழுதியிருந்தாய், அதை மட்டும் நான் நம்பவில்லை. சுகமாக இருக்கிறவன் நாலு பக்கத்துக்கு ஒரு மெஷினைத் திட்டி எழுதமாட்டான். இந்தக் கடிதத்தை நானே மூன்று நாளாக உட்கார்ந்து எழுதுகிறேன், மூன்றாம் வகுப்போடு நின்றவள் எழுத்து கோணலாகத்தான் இருக்கும். ராணியை எழுதச் சொன்னால் நான் திட்டுகிறதில் பாதியை மரியாதையாக மாற்றிவிடுவாள்.

நீ எழுதியதில் எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன், தப்பென்றால் திருத்து. பஹ்ரைனில் நீ இத்தனை நாளும் பலகையில் தாளை ஒட்டி, ஏசி காற்றுப் போகிற தகரக் குழாயும் தண்ணீர்க் குழாயும் கட்டடத்துக்குள் எப்படிப் போகும் என்று படம் போட்டாய். மேலேயிருந்து பார்க்கிறதற்கு ஒரு தாள், பக்கத்திலிருந்து பார்க்கிறதற்கு ஒரு தாள். இப்போது கம்பெனியில் பலகையை எல்லாம் எடுத்துவிட்டுக் கம்ப்யூட்டர் வைக்கிறார்கள். அதற்குள் நீங்கள் கட்டுகிற முழு ஆஸ்பத்திரியையும் தூணும் பீமும் குழாயுமாக ஒன்றாகக் கட்டி நிறுத்தவேண்டும், திருப்பித் திருப்பிப் பார்க்கலாம், குழாய் பீமில் முட்டுகிற இடம் அங்கேயே தெரிந்துபோகும். சொல்லிக்கொடுக்க வந்திருப்பது இருபத்துமூன்று வயது மலையாளத்துப் பெண், அவள் எல்லார் எதிரிலும் உன்னைச் சேட்டா இது தப்பு என்று சொல்லிவிட்டாள். படிக்கிறேன் என்று இந்த மாசக் கடைசிக்குள் கையெழுத்துப் போடாதவர்களை ஊருக்கு அனுப்பிவிடுவார்கள், நீ போடப்போவதில்லை. இங்கே வந்து சந்தைப்பேட்டை எதிரில் நஞ்சப்பன் கடையைப் பிடித்து வீட்டுப் படம் போட்டுப் பிழைத்துக்கொள்வாய், நான் போய்க் கடையைப் பேசி வைக்கவேண்டும். இவ்வளவுதானே.

கடைசியில் ஒன்று கேட்டிருந்தாய், இத்தனை வருஷத்தில் என் தாளில் யாராவது ஒரு தப்புக் காட்டியிருக்கிறார்களா அம்மா என்று. காட்டினார்கள் சாமி. 1971, செப்டம்பர் எட்டு, மாதா திருநாள், சாயங்காலம் ஆறேகால் மணி. நீ ஐடிஐ முடித்து வந்த புதுசு. கோயிலுக்குப் புதுச் சப்பரம் செய்யவேண்டும் என்றதும் நான் போடுகிறேன் படம் என்று முன்னால் போய் நின்றாய். முன்பக்கம் ஒரு தாள், பக்கவாட்டு ஒரு தாள், கோயில் வாசல் வளைவுக்குத் தனியாக ஒரு தாள். சப்பரம் காலூன்றி நிற்கும்போது ஒன்பதரை அடி, வளைவு பத்தரை அடி, ஓரடி மிச்சம் என்று சிவப்பு மையில் எழுதிக் கீழே கோடு வேறு போட்டாய். சவரி தச்சன் நீ போட்ட படத்தில் ஒரு நூல்கூட மாற்றாமல் செய்தான். திருநாளன்று மாதாவை ஏற்றி வைத்து எட்டுப் பேர் தோள் கொடுத்துத் தூக்கினார்கள். தூக்கினதும் சப்பரத்தின் கால் தரையை விட்டு ஒன்றேமுக்கால் அடி மேலே போய்விட்டது. வாசலுக்கு வந்ததும் மேல்முடி வளைவில் இடித்து முறிந்து பேண்டுக்காரர் டிரம்மில் டொம்மென்று விழுந்தது, அது அடிக்கிற அடி என்று நினைத்து மற்ற பேண்டுக்காரர்கள் அடுத்த பாட்டை ஆரம்பித்துவிட்டார்கள். அப்புறம் எட்டுப் பேரும் முட்டியை மடக்கித் தவளை மாதிரி நடந்துதான் மாதா வெளியே வந்தாள்.

அன்றைக்கு நான் என்ன செய்தேன் தெரியுமா, நீ கூட்டத்துக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டாய், உனக்குத் தெரியாது. தச்சனுக்குக் கண் எங்கே போச்சு என்று ஊர் கேட்கச் சவரியை ஏசினேன். அவன் பெண்சாதி மிக்கேலம்மாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, “ஒங்க மவன் போட்ட காயிதத்துல மனுசனையே காணோமே ராயக்கா, தூக்கறது யாரு, வானத்துச் சம்மனசா?” என்றாள். மடத்துக் கன்னிமார் பக்கம் நின்ற பெண்கள் எல்லாம் சிரித்தார்கள், யார் யார் சிரித்தது என்று இன்றைக்கும் பேர் சொல்வேன். அன்றிலிருந்து பதினேழு வருஷம் அவளோடு பேச்சில்லை. அவள் வூட்டுக் கல்யாணத்துக்குப் போகவில்லை, பூசையில் அவள் உட்காருகிற பக்கம் நான் உட்காருகிறதில்லை.

இப்போது நீ எழுதியிருக்கிறாய், அந்த மெஷினில் எல்லாம் ஒன்றாக நிற்பதால் எது எதில் முட்டும் என்று முன்கூட்டியே தெரியும் என்று. அந்த வரியை ராணியிடம் கொடுத்து இன்னொரு தரம் படிக்கச் சொல்லிக் கேட்டேன். இதைத்தானடா அந்த மிக்கேலம்மாள் வாசலில் நின்று சொன்னாள். தாளில் சப்பரமும் சரி, வளைவும் சரி, இரண்டையும் ஒரே இடத்தில் வைத்துத் தூக்குகிறவனையும் சேர்த்துப் பார்க்க உனக்கு அப்போது வழியில்லை. தப்பு சவரி மேல் இல்லை என்று எனக்குத் தெரிய பதினேழு வருஷமும் ஒரு வெளிநாட்டுக் கடிதமும் வேண்டியிருந்தது.

சனிக்கிழமை அவள் வூட்டுக்குப் போனேன். வாசலில் நின்று, நீ அன்றைக்குச் சொன்னது சரிதான் என்று சொன்னேன். அவளுக்குக் காது நன்றாகக் கேட்கும், ஆனாலும், “என்னாங்க ராயக்கா, கொஞ்சம் சத்தமா சொல்லுங்க, இவருக்கும் கேக்கோணுமில்ல” என்று உள்ளேயிருந்த சவரியைக் கூப்பிட்டு நிறுத்தி இன்னொரு தரம் சொல்ல வைத்தாள். அதையும் நான் ஞாபகத்தில் வைத்திருக்கிறேன். பிறகு காபி கொடுத்தாள், சர்க்கரை குறைச்சல்.

பழைய சப்பரம் ஆட்டம் கண்டுவிட்டது, புதுசு செய்யச் சவரி வேங்கை மரம் எடுத்து வைத்திருக்கிறான். உன் படம் வந்தால்தான் உளி வைப்பேன், மனுசன் இருக்கிற படமாக வரட்டும் என்கிறான். அதனால் நானும் மிக்கேலம்மாளும் பாக்குக் கயிற்றில் முடிச்சுப் போட்டு இப்போது தூக்குகிற எட்டுப் பேருக்கும் தரையிலிருந்து தோள் வரை அளவெடுத்தோம். புதுச் சட்டை தைக்கிறோம் என்று நினைத்து நெஞ்சை நிமிர்த்தி நின்றார்கள், குள்ளமாக இருக்கிற தர்மன்கூடக் குதிகாலைத் தூக்கினான், நான் அமுக்கி நிறுத்தினேன். ராணி அளவையெல்லாம் தனித்தாளில் எழுதி வைத்திருக்கிறாள். அந்த மலையாளத்துப் பெண்ணிடம் கேட்டு மெஷினுக்குள் முதலில் வளைவை நிறுத்து, எட்டுப் பேரை நிறுத்து, பிறகு சப்பரத்தை ஏற்று. ஆனால் முடியை ரொம்பக் குறைத்துவிடாதே. சவரி முடியைத் திரும்ப ஒட்டிக்கொடுத்ததிலிருந்து வருஷாவருஷம் முட்டி மடக்கிப் பழகி அது இப்போது நேர்ச்சை மாதிரி ஆகிவிட்டது, புதுச் சாமியார் என்ன பக்தி என்று பிரசங்கத்தில் மெச்சினார், நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். மிக்கேலம்மாள் சொல்கிறாள், “இந்த ஆம்பளைங்க வருசத்துக்கு ஒருக்கா மடக்கறது அந்த முட்டியத்தான், அதையும் கெடுத்துப்போடாதீங்க.” முக்கால் அடிக்குத்தான் அவர்கள் குனிகிறார்கள். நீயும் அந்தப் பெண் முன்னால் அவ்வளவு குனிந்தால் போதும்.

நஞ்சப்பன் கடையைப் பேசி முடித்துவிட்டேன். உனக்கு இல்லை, சவரிக்கு. கதவு நிலை செய்து வைக்க இடமில்லாமல் இருந்தான், என் மகன் வரமாட்டான் என்று நானே போய்ச் சொல்லி வாங்கிக்கொடுத்தேன், நேற்றே பெயர்ப்பலகை மாட்டியாயிற்று. ஆகையால் கையெழுத்துப் போடாமல் வந்தாயானால் அங்கே இழைப்புளி தள்ளலாம். மிக்கேலம்மாள் உன்னை வேலைக்கு எடுத்துக்கொள்வாள், சந்தோஷமாகவே எடுத்துக்கொள்வாள்.

கடிதம் வந்து சேரப் பத்து நாள் ஆகும், கிடைத்த அன்றே கையெழுத்துப் போட்டுவிடு. ஏசியில் காதைத் திறந்து வைத்துக்கொண்டு உட்காராதே. யாராவது ஊருக்கு வந்தால் சவரிக்கு ஒரு இரும்பு டேப் கொடுத்தனுப்பு. மாதா உன்னைத் தன் கண்ணுக்குள் வைத்துக் காப்பாளாக, நெற்றியில் சிலுவை போட்டு முத்தம்.

உன் அம்மா
ராயம்மாள்

மறந்துவிட்டேன், படத்தில் வாசல் பக்கம் என்னையும் நிறுத்து. மிக்கேலம்மாளையும் நிறுத்து, ஆனால் எனக்குப் பின்னால்.